வியூவர் சரியாக அப்டேட் ஆகவில்லையா: கேஷ், ஜிபியு, டிரைவர், வெர்ஷன் - எதில் கை வைப்பது?

நியூக், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃப்யூஷன் போன்ற கம்பாசிட்டிங் மென்பொருளில் (பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) வேலை செய்கிறீர்கள். ரோட்டோ புள்ளி ஒன்றை, அதாவது உருவத்தின் விளிம்பைச் சுற்றி வரைந்த கோட்டின் புள்ளியை, நகர்த்துகிறீர்கள். முடிவைக் காட்டும் வியூவர் சாளரத்தைப் பார்க்கிறீர்கள். படத்தின் மேல் பாதி புது வடிவத்துக்கு மாறுகிறது. கீழ்ப் பாதியில் பழைய விளிம்பு அப்படியே நிற்கிறது. கொஞ்சம் ஜூம் செய்து திரும்பி வந்தால் எல்லாம் சரி. அடுத்த ஃப்ரேமில் ஒரு கறுப்புக் கட்டம். அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. ரெண்டர் செய்து பார்த்தால் படம் சுத்தமாக இருக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேஷை (கணக்கிட்டுப் பதுக்கி வைத்த படங்களை) அழி என்பார் ஒருவர், ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டின் சிப்பை) அணை என்பார் இன்னொருவர். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பழசு என்று ஒரு பதில் வரும், புது வெர்ஷனில் சரிசெய்துவிட்டார்கள் என்று ஒரு பதில் வரும், கடைசியில் புது கார்டு வாங்கச் சொல்லவும் ஒருவர் இருப்பார். இவை எல்லாமே யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு சமயத்தில் பலித்தவைதான். உங்களுக்கு எது, இப்போது எது என்பதுதான் கேள்வி.

## அதற்கு முன்: கோளாறு எங்கே இருக்கிறது?

இதைப் பார்க்காமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் குருட்டு யோகம்தான். மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, அந்த ஃப்ரேமை மட்டும் இஎக்ஸ்ஆர் என்ற படக் கோப்பாக எழுதி வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். கறையும் கூடவே வந்திருந்தால் வியூவர் மேல் குற்றமில்லை, கணக்கிலேயே பிழை. பெரும்பாலும் அது நேன் பிக்சலாக இருக்கும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுப்பது போன்ற இடங்களில் பிறக்கும், எண்ணாகவே இல்லாத ஒரு மதிப்பு அது. ஒற்றைப் பிக்சலாக இருக்கும்வரை கண்ணில் படாது. மேலே ஒரு பிளர் போட்டதும் பிளரின் அகலத்துக்குக் கட்டமாக விரிந்து நிற்கும். பார்க்க ஜிபியு கோளாறு போலவே இருப்பதால், டிரைவரையெல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் பலர் அங்கே வந்து சேர்கிறார்கள்.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். கோளாறு திரையில் இருக்கும்போதே ஒன்று எடுத்துப் பாருங்கள். அதிலும் தெரிந்தால் மென்பொருளுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் எங்கோ சிக்கல். திரையில் தெரிந்து ஸ்கிரீன்ஷாட்டில் தெரியவில்லை என்றால் சிக்கல் அதற்கும் அப்பால்: கேபிள், மானிட்டர், ரிஃப்ரெஷ் ரேட், அல்லது இயங்குதளம் விண்டோக்களைத் திரையில் அடுக்கும் முறை. அப்படியென்றால் நேராக வழி 3-க்குப் போங்கள்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் கூச்சம் தரும்: ஏதாவது பட்டனைத் தெரியாமல் அழுத்தியிருக்கிறீர்களா? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கேப்ஸ் லாக் போட்டிருந்தால் திரை புதுப்பிக்கப்படுவதே நின்றுவிடும். அதைச் சொல்லி சிவப்பில் ஓர் அறிவிப்பும் வரும், ஆனால் லேயருக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு வந்தவர் கண்ணில் அது படுவதில்லை. நியூக்கில் வியூவரின் பாஸ் பட்டன் அழுத்தப்பட்டிருக்கலாம். ஃப்யூஷனில் அப்டேட் முறை எல்லாவற்றுக்கும் என்பதிலிருந்து மாறி, தேர்ந்தவற்றுக்கு மட்டும் அல்லது எதற்கும் வேண்டாம் என்று நிற்கலாம். இவற்றில் மோசமானது ரீஜன் ஆஃப் இன்ட்ரஸ்ட். அது போட்டிருந்தால் படத்தின் ஒரு செவ்வகம் மட்டுமே புதுப்பிக்கப்படும், மீதியில் பழையது நிற்கும். பாதி மாறி பாதி மாறாத படம் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றிலும் தேறிவிட்டது, ரெண்டர் சுத்தம், ஸ்கிரீன்ஷாட்டில் கோளாறு தெரிகிறது, பட்டன் எல்லாம் சரி என்றால் மேலே படியுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என் வரிசையில் முதலில் வருவது நம்பிக்கை: மாற்றிய பிறகு வியூவரில் தெரிவதும் ரெண்டரில் வருவதும் ஒன்றாக இருக்குமா? கிளிட்ச் வேலையை மெதுவாக்குகிறது என்பது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, கண் அதற்குப் பழகிவிடுவது. விளிம்பில் ஒரு பிக்சல் துள்ளினால் "அது வியூவர்தான்" என்று தாண்டிப்போகும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான மேட் (உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் முகமூடி) பிழையும் அதே சாக்கில் தப்பித்து ரிவ்யூ வரை போகும். அதனால் ஒரு வழி கோளாறைக் குறைக்கிறது, ஆனால் வண்ணத்தையோ கூர்மையையோ மாற்றிக் காட்டுகிறது என்றால் அதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் தருவேன்.

அடுத்தது, பின்வாங்க முடியுமா என்பது. டெலிவரிக்கு முந்தைய நாள் செய்யக்கூடிய மாற்றத்துக்கும், புது ஷோ (அடுத்த படமோ தொடரோ) தொடங்கும்போது செய்யக்கூடிய மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

மூன்றாவது கை வேகம். ஸ்லைடரை இழுத்தால் படம் கூடவே வருகிறதா, அரை நொடி கழித்து வருகிறதா? அரை நொடி சின்னதாகத் தெரியும். நாள் முழுவதும் கீ இழுப்பவருக்கு (பச்சைத் திரையை நீக்குபவருக்கு) அது சின்னதில்லை.

நான்காவது, மற்றவர்களைத் தொடுமா? உங்கள் இயந்திரத்தோடு நிற்கும் மாற்றம் வேறு, ஸ்கிரிப்ட் கோப்பையே (ஷாட்டின் வேலையைச் சேமித்து வைக்கும் கோப்பை) மாற்றிவிடும் மாற்றம் வேறு.

செய்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. கேஷை அழிக்கப் பத்து நொடிதான், அதன் பிறகு ஷாட் மறுபடி கணக்கிடப்படக் காத்திருக்கும் நேரம்தான் அசல் விலை.

## வழி 1: கேஷைக் காலி செய்வது

கம்பாசிட்டிங் மென்பொருள் ஒரே படத்தை இரண்டு முறை கணக்கிடாது. ஒவ்வொரு நோடின் (படத்தின் மேல் ஒரு வேலையைச் செய்யும் பெட்டியின்) மதிப்புகளையும் சேர்த்து ஓர் அடையாளம் உண்டாக்கி, அந்த அடையாளத்தின் கீழ் படத்தைப் பதுக்கி வைக்கும். நியூக்கில் இதை ஹாஷ் என்பார்கள். மதிப்பு மாறினால் ஹாஷ் மாறும், ஹாஷ் மாறினால் படம் புதிதாகும். ஏதோ ஒன்று மாறியும் ஹாஷ் மாறவில்லை என்றால் பழைய படமே வந்து நிற்கும்.

அப்படி நடக்கும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அதே பெயரில் மேலெழுதப்பட்ட கோப்பு. லைட்டிங்கிலிருந்து புது ரெண்டர் பழைய பெயரிலேயே வந்திருக்கும், ரீட் நோடுக்கு அது தெரியாது. ரீலோட் அழுத்தினால் தீர்ந்தது. இன்னொன்று, வெளியிலிருந்து வந்த பிளக்இன். தன் அமைப்புகளில் ஒன்றை ஹாஷில் சேர்க்க அதை எழுதியவர் மறந்திருந்தால், அந்த ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் திரை அசையாது.

ஆக, எப்போதும் ஒரே இடத்தில், ஒரே நோடுக்குக் கீழே பழைய படம் நின்றால் கேஷ்தான். முதலில் முழுவதையும் அழிக்காமல் நியூக்கில் வியூவர் மேல் சுட்டியை வைத்து யு விசையைத் தட்டுங்கள், படத்தைப் புதுப்பிக்க அது போதும். அடங்காவிட்டால் கேஷ் மெனுவில் எல்லாவற்றையும் அழியுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இது எடிட் மெனுவின் பர்ஜ் பகுதியில் இருக்கிறது. நினைவகத்தை மட்டும், அல்லது வட்டையும் சேர்த்து.

மறைந்த செலவு வட்டுக் கேஷில் இருக்கிறது. நாள் கணக்கில் சேர்ந்த ஃப்ரேம்கள் ஒரே சொடுக்கில் போய்விடும். டைம்லைனில் இருந்த பச்சை, நீலப் பட்டைகள் காணாமல் போன பிறகு, அடுத்த பிளேபேக்குக்கு எவ்வளவு காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தினமும் கேஷை அழித்துக்கொண்டே வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்குப் பலிக்கவில்லை, அடுத்ததற்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

## வழி 2: வியூவரின் ஜிபியுவை அணைப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் பலர் இதைத் தவறான சுவிட்சில் செய்கிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு இந்த மென்பொருள்களில் இரண்டு வேலை உண்டு. ஒன்று கணக்கிடுவது: டிஃபோகஸ், ரீடைமிங், டீநாய்ஸ் போன்ற கனமான வேலைகள். இன்னொன்று காட்டுவது: முடிந்த படத்தை டெக்ஸ்சராக (கார்டின் நினைவகத்தில் வைக்கும் படமாக) ஏற்றி, வண்ண மாற்றம் செய்து, திரையில் வரைவது. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். நியூக்கில் காட்டும் சுவிட்ச் வியூவர் அமைப்புகளில் இருக்கிறது, கணக்கிடும் சுவிட்ச் அந்தந்த நோடுக்குள் இருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கம்போசிஷன், லேயர், ஃபுட்டேஜ் பேனல்களை வன்பொருளால் வேகப்படுத்தும் விருப்பம் காட்டுவதற்கானது. பிராஜெக்ட் செட்டிங்ஸில் மெர்குரி ஜிபியு என்றும் சாஃப்ட்வேர் மட்டும் என்றும் இருப்பது கணக்குக்கானது. திரையில் கறுப்புக் கட்டம் வருகிறது என்று மெர்குரியை அணைத்தால் ரெண்டர் மெதுவாகும், கட்டம் அப்படியே இருக்கும். "ஜிபியுவை அணைத்தும் போகவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஜிபியுவை என்றுதான்.

காட்டும் பாதையை அணைத்ததும் வண்ண மாற்றம் உட்பட எல்லாவற்றையும் சிபியு செய்து, முடிந்த படத்தை மட்டும் திரைக்குத் தரும். டெக்ஸ்சர் பாதி ஏறியதால் வரும் கட்டம், ஷேடர் (கார்டில் ஓடும் சிறு நிரல்) தடுமாறியதால் வரும் வண்ணச் சிதறல், பழைய துண்டு ஒட்டிக்கொண்டு நிற்பது, இவை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நின்றால் கோளாறு எந்தப் பகுதியில் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரே சொடுக்கில் பழையபடி திரும்பலாம். ஸ்கிரிப்டின் படத்தில் ஒரு பிக்சல் மாறாது, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியக்கூட வேண்டாம்.

நம்பிக்கை என்ற அளவுகோலிலும் இது நன்றாகத் தேறுகிறது. வண்ண மாற்றங்களுக்கு இந்த மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓபன்கலர்ஐஓவின் முதல் தலைமுறையில் சிக்கலான வண்ண மாற்றங்களை ஜிபியுவுக்கு ஒரு முப்பரிமாண அட்டவணையாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். அதனால் சிபியு படத்துக்கும் ஜிபியு படத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வர இடமிருந்தது. 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இரண்டு பாதையையும் ஒரே துல்லியத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய அமைப்பில் வேலை செய்பவர்களுக்கு சிபியு பாதைதான் இன்றும் நம்பகமானது.

விலை கை வேகத்தில் வருகிறது. வியூவரின் கெய்ன், காமா ஸ்லைடர்களை ஜிபியு இருக்கும்போது இழுத்தால் படம் உடனே மாறும். சிபியுவில் ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்கு. எச்டி படத்தில் பொறுத்துக்கொள்ளலாம். 4096 × 2160 அளவில் நான்கு சேனல், 32 பிட் ஃப்ளோட் என்றால் ஒரு ஃப்ரேமே 141 எம்பிக்கு மேல். நொடிக்கு 24 என்றால் 3.4 ஜிபி. அதை முழு வேகத்தில் வண்ண மாற்றத்தோடு ஓட்டச் சொன்னால் சிபியு மூச்சு வாங்கும்.

இதற்கும் முழுக்க அணைப்பதற்கும் நடுவில் ஒரு படி உண்டு. நியூக்கில் ஜிபியு பஃபரின் ஆழத்தை (பிக்சலின் மதிப்பை எத்தனை பிட்டில் வைப்பது என்பதை) 8 பிட், ஹாஃப் ஃப்ளோட், ஃப்ளோட் என்று மாற்றலாம். கறுப்புக் கட்டத்துக்குப் பதில் உங்களுக்கு வருவது வானத்தில் படிப்படியான பட்டைகள் என்றால், அணைக்கும் முன் இதைப் பாருங்கள். 8 பிட்டில் காமாவை ஏற்றினால் பட்டை வரத்தான் செய்யும்.

பிளெண்டர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 4.2 முதல் கம்பாசிட்டரை சிபியுவில் ஓட்டலாமா ஜிபியுவில் ஓட்டலாமா என்று தேர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த சுவிட்ச் கணக்கையும் சேர்த்தே மாற்றுகிறது. துல்லியம் தானியங்கியில் இருந்தால் வேலை செய்யும்போது ஹாஃப், கடைசி ரெண்டருக்கு முழு ஃப்ளோட். இரண்டுக்கும் நடுவே சிறு வித்தியாசம் தெரிந்தால் அதைக் கிளிட்ச் என்று எண்ண வேண்டாம்.

## வழி 3: டிரைவரையும் இயங்குதளத்தையும் சரிசெய்வது

வியூவர் மட்டுமல்லாமல் உலாவியும் வேறு 3டி மென்பொருளும் அவ்வப்போது மினுக்குகிறது என்றால் நேராக இங்கே வாருங்கள். ஒரு நாள் காலை தானாக அப்டேட் ஆன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்றாலும் இங்கேதான்.

விண்டோஸில் முதல் வேலை, என்விடியா கார்டு என்றால், கேம் ரெடி டிரைவரை விட்டு ஸ்டுடியோ டிரைவருக்கு மாறுவது. 2019-இலிருந்து இந்த இரண்டும் தனித்தனியாக வருகின்றன. ஸ்டுடியோ அடிக்கடி மாறாது, படைப்பு மென்பொருள்களோடு சோதித்து வெளியிடுகிறார்கள். புதியதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். கோளாறு வருவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த எண் தெரிந்தால் அதற்கே திரும்புவதுதான் என் பரிந்துரை. பழையதின் மேலேயே நிறுவாமல் கிளீன் இன்ஸ்டால் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து விண்டோஸின் டிடிஆர். ஒரு வேலையில் ஜிபியு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால், அது தொங்கிவிட்டது என்று கருதி விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்யும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், அதன் பிறகு வியூவர் வெறுமையாகவோ குப்பையாகவோ நிற்கும். கனமான டீநாய்ஸ் ஓடும்போதெல்லாம் இது நடந்தால் காரணம் இதுதான். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை நீட்டலாம், நிறைய பேர் நீட்டியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்தச் சாவிகளைச் சோதனைக்கென்றுதான் வைத்திருக்கிறது. நீட்டி வைத்த பிறகு ஜிபியு உண்மையாகவே தொங்கினால் அத்தனை நொடியும் முழு இயந்திரமும் உறைந்து நிற்கும்.

ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத மினுக்கல் என்று முன்பு சொன்னேனே, அதற்கு இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று மாறும் ரிஃப்ரெஷ் ரேட்: விளையாட்டுக்கான வசதி, கம்பாசிட்டிங் விண்டோவுக்கு அது தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள். இன்னொன்று மல்டிபிளேன் ஓவர்லே: விண்டோக்களை வன்பொருள் அடுக்குகளாகப் பிரித்துத் திரைக்கு அனுப்பும் முறை. இதை அணைக்க என்விடியாவே தன் உதவிப் பக்கத்தில் ரெஜிஸ்ட்ரி கோப்பு கொடுத்திருக்கிறது.

லினக்ஸில் கதை வேறு. திரையில் விண்டோக்களை வரையும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலண்ட். வேலண்டில் ஓடும் எக்ஸ்11 மென்பொருள்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாகத்தான் வரையப்படுகின்றன. என்விடியா கார்டுகளில் அந்தப் பாதையில் ஃப்ரேம்கள் வரிசை மாறிக் காட்டப்படும் தொல்லை நெடுநாள் இருந்தது: இழுத்த புள்ளி ஒரு கணம் பழைய இடத்துக்குத் துள்ளிவிட்டுத் திரும்பும். 2024-இல் வந்த 555 டிரைவர் வரிசையில் எக்ஸ்பிளிசிட் சிங்க் (ஃப்ரேம் தயாரானதை வெளிப்படையாகச் சொல்லும் முறை) சேர்ந்த பிறகுதான் அதற்கு முறையான தீர்வு வந்தது. அந்தத் துள்ளல் உங்களுக்கு இருந்தால் டிரைவரை ஏற்றுங்கள், முடியாவிட்டால் உள்நுழையும் திரையில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டாவது எல்லா வெளியீட்டிலும் இனி கிடைக்காது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் எக்ஸ் சர்வரையே எடுத்துவிட்டார்கள்.

மேக்கில் டிரைவரை மட்டும் மாற்றும் வழியே கிடையாது, அது இயங்குதளத்தோடு சேர்ந்து வருவது. மென்பொருள்கள் கார்டிடம் வரையச் சொல்லும் பழைய வழியான ஓபன்ஜிஎல்லை ஆப்பிள் 2018-இல், மேக்ஓஎஸ் மொஹாவியில், ஓரங்கட்டிவிட்டது, 4.1-க்கு மேல் அது வளரவுமில்லை. ஓபன்ஜிஎல்லை நம்பியிருக்கும் பழைய வியூவருக்கு மேக்கில் இந்த வழியால் பெரிய பயனில்லை. அதைப் பயன்படுத்துபவர்கள் வழி 2 அல்லது 4-க்குப் போகலாம்.

லேப்டாப்பில் இரண்டு ஜிபியு இருந்தால் இந்த வழியிலேயே மலிவான ஒன்று உண்டு: விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த மென்பொருளுக்கு மட்டும் உயர் திறன் ஜிபியுவைக் கட்டாயமாக்குவது. உள்ளமைந்த ஜிபியுவில் வியூவர் திறந்துகொண்டதால் வந்த கோளாறு என்றால் அத்தோடு முடிந்தது.

மறைந்த செலவு: ஒரே இயந்திரத்தில் வேறு மென்பொருளும் ஓடுகிறது. வியூவருக்கு நல்லதான டிரைவர் 3டி ரெண்டரருக்குப் பழசாக இருக்கலாம். அதனால் பழைய நிறுவியைக் கையில் வைத்துக்கொண்டு, மாலையில் டெலிவரி இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

## வழி 4: மென்பொருளின் வெர்ஷனை மாற்றுவது

"அடுத்த வெர்ஷனில் சரியாகிவிட்டது" என்பது கேட்க இனிமையான பதில். வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் கோளாறு, உங்கள் இயங்குதளத்தோடு, பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும் நம்புங்கள். அப்படியும் பெரிய வெர்ஷனுக்குத் தாவாமல் அதே வரிசையின் அடுத்த சிறு வெளியீட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த வழியின் கஷ்டமெல்லாம் கோப்பில்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புதியதில் சேமித்த பிராஜெக்டைப் பழையது நேராகத் திறக்காது, பழைய வடிவத்தில் தனிப் பிரதி எடுக்க வேண்டும். நியூக் ஸ்கிரிப்ட் வெறும் உரைக் கோப்பு என்பதால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு திறந்துவிடும், ஆனால் பழையதில் இல்லாத நோடு இருந்தால் அங்கே நின்றுவிடும். சி++ பிளக்இன்கள் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனியாகத் தொகுக்கப்பட்டவை. அவை கிடைக்காவிட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் பாதி ஊனமாகத்தான் திறக்கும். 13-ஆவது நியூக்கில் பைத்தான் 3 வந்தபோது வீட்டிலேயே எழுதிய கருவிகள் எத்தனை உடைந்தன என்று பைப்லைன் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெர்ஷன் மேல் பழி போடும் முன் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது: நியூக்கை சேஃப் முறையில் திறப்பது. அப்போது உங்கள் சொந்த பிளக்இன்களும் தொடக்க ஸ்கிரிப்டுகளும் ஏறாது. பிளெண்டரில் இதுவே ஃபேக்டரி ஸ்டார்ட்அப். அங்கே கோளாறு காணாமல் போனால் மென்பொருளின் வெர்ஷனில் தவறில்லை, அதன் மேல் நீங்கள் ஏற்றிவைத்த ஏதோ ஒன்றில்தான். பிளக்இன்களைப் பாதி பாதியாக விலக்கிப் பார்த்தால் ஆள் சீக்கிரம் மாட்டுவார்.

ஷோ நடுவில் வெர்ஷன் மாற்றுவதை நான் எதிர்ப்பேன். ஷோ தொடங்கும் முன் என்றால் தாராளமாக.

## வழி 5: ப்ராக்ஸியில் வேலை செய்வது

ப்ராக்ஸி என்பது படத்தின் சிறிதாக்கிய நகல். பாதி அளவு ப்ராக்ஸி என்றால் பிக்சல் நான்கில் ஒரு பங்கு. மேலே சொன்ன 141 எம்பி ஃப்ரேம் 35 எம்பியாகிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பியதால் வரும் கிளிட்ச் இதில் அடங்கும், அதனாலேயே பலர் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

என் அளவுகோலில் இது கீழே இருக்கிறது. கிரெய்ன், முடி, ஒயர் நீக்கிய இடத்தின் ஒரு பிக்சல் கோடு, இவை எதையும் ப்ராக்ஸியில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. லேஅவுட், நேரம், அனிமேஷன் பார்க்கும்போது ஓட்டுங்கள். கீயிங்கிலும் பெயிண்டிலும் முழு அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

## வழி 6: புது கார்டு

பணம் மிச்சமிருந்தால் செய்யலாம், கோளாறு போகும் என்று எண்ணிச் செய்யாதீர்கள். அதே டிரைவர் குடும்பம், அதே வியூவர், அதே பிளக்இன் புதியதிலும் இருக்கும். இது சரியான முடிவாகும் நிலை ஒன்றுதான்: கோளாறு வரும் நேரத்தில் கார்டின் நினைவகம் நிரம்பியிருப்பதை டாஸ்க் மேனேஜரில் நீங்களே கண்ணால் பார்த்திருக்க வேண்டும். 8 ஜிபி கார்டில் வேறொன்றுமே இல்லாவிட்டாலும் அந்த 4கே ஃப்ளோட் ஃப்ரேம்கள் ஏறக்குறைய 60-க்கு மேல் கொள்ளாது. பக்கத்தில் ஒரு 3டி மென்பொருளையும் திறந்து வைப்பவருக்கு அந்த இடமும் இல்லை. (கார்டே பழுதாகியிருந்தால் அது வேறு விஷயம், அப்போது இயந்திரம் தொடங்கும் திரையிலேயே கோடுகள் தெரியலாம்.)

## ஒரே பார்வையில்

| வழி | வியூவரை நம்பலாமா | பின்வாங்க | கை வேகம் | மற்றவர்களைத் தொடுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| கேஷ் அழிப்பு | ஆம் | அழித்தது திரும்பாது | பிறகு சிறிது நேரம் மந்தம் | பொது வட்டில் கேஷ் இருந்தால் மட்டும் | மறு கணக்கு |
| வியூவர் ஜிபியு அணைப்பு | ஆம் | ஒரு சொடுக்கு | குறையும், 4கேயில் அதிகம் | இல்லை | ரிவ்யூ பிளேபேக் |
| டிரைவர், இயங்குதளம் | ஆம் | முடியும், மறுதொடக்கம் வேண்டும் | மாறாது | இல்லை | அதே இயந்திரத்தின் மற்ற மென்பொருள் |
| வெர்ஷன் மாற்றம் | சோதித்த பிறகே | கடினம் | மாறலாம் | ஆம் | பிளக்இன், கோப்பு |
| ப்ராக்ஸி | இல்லை | ஒரு சொடுக்கு | கூடும் | இல்லை | நுண்விவரம் தெரியாது |
| புது கார்டு | கோளாறு போனால் மட்டும் | பணம் போனது போனதுதான் | கூடும் | இல்லை | காரணம் வேறாக இருந்தால் வீண் |

## உங்கள் நிலைக்கு எது

நாளை டெலிவரி என்றால் வழி 2, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேபேக்கை வியூவரில் பார்க்காமல் ஃப்ரேம்களை எழுதி, தனி பிளேயரில் ஓட்டுங்கள். டிரைவர் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரே இயந்திரத்தில் மட்டும் வருகிறது, அதே ஸ்கிரிப்ட் பக்கத்து இயந்திரத்தில் சுத்தம் என்றால் வழி 3. இரண்டு இயந்திரத்தின் டிரைவர் எண்ணையும் எழுதி ஒப்பிடுங்கள், பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

எல்லா இயந்திரத்திலும், ஆனால் ஒரே ஸ்கிரிப்டில் வருகிறது என்றால் வழி 1, அப்புறம் அந்த ஸ்கிரிப்டில் இருக்கும் பிளக்இன்கள். நோடுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக வியூவரில் இணைத்துப் பார்த்து, எதற்குக் கீழே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

எல்லா இயந்திரத்திலும், எல்லா ஸ்கிரிப்டிலும் என்றால் வெர்ஷன்தான் சந்தேகம். ஷோ முடியும்வரை வழி 2-இல் ஓட்டிவிட்டு, முடிந்ததும் வழி 4.

நினைவகம் நிரம்புவது உறுதி, கார்டு வாங்க இப்போது வழியில்லை என்றால் ப்ராக்ஸியும் முழு அளவும் மாறி மாறி. கூடவே வியூவர் பஃபரை ஃப்ளோட்டிலிருந்து ஹாஃபுக்கு இறக்குங்கள்: 141 எம்பி 71 ஆகும், சாதாரண ஷாட்டில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எதிலும் அடங்கவில்லை என்றால் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுங்கள். "வியூவர் கிளிட்ச் ஆகிறது" என்று மட்டும் எழுதினால் கேஷை அழிக்கச் சொல்லித்தான் பதில் வரும். மென்பொருளின் முழு வெர்ஷன் எண், இயங்குதளம், கார்டு, டிரைவர் எண், மானிட்டர்கள் எத்தனை, ஒவ்வொன்றின் ரிஃப்ரெஷ் ரேட் என்ன, சேஃப் முறையிலும் வருகிறதா, வியூவர் ஜிபியுவை அணைத்தால் போகிறதா, இவற்றோடு கோளாறு தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும் அதே ஃப்ரேமின் சுத்தமான இஎக்ஸ்ஆரும் வையுங்கள். ஸ்கிரிப்டை அப்படியே அனுப்ப முடியாது, ஒப்பந்தம் விடாது. வாடிக்கையாளர் படத்துக்குப் பதில் வண்ணப் பட்டைகளையோ செக்கர்போர்டையோ போட்டு, கோளாறு இன்னும் வருகிற அளவுக்குக் குறைத்த நான்கைந்து நோடு ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பினால் போதும்.